மை பூசிய மூன்று முகங்கள்

மின்சாரம் இப்போதைக்கு வராது. தேநீரை ஊற்றிக்கொண்டு நெருங்கி உட்காருங்கள். இது என் தோழி தாமராவின் தாய்மாமன் மனைவிக்கு நடந்தது. நடுவில் யாரும் சிரிக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

டிசம்பர் மாதம். மாலை நாலு மணி... பனி மூடும் நம் வடக்கு ஊரில் அதற்குள் கும்மிருட்டு. நூலகத்திலிருந்து டிராம் நிறுத்தம் வரை ஆற்றங்கரைச் சாலை. ஈ காக்கை கிடையாது. அந்தச் சாலையில் முப்பது வருடம் தனியாக நடந்தவள் கிளாஃபிரா மத்வேயெவ்னா. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. பழைய பத்திரிகைப் பிரிவில் வேலை.

அவள் வயிற்றில் இருக்கும்போதே அப்பா மத்வேயை ஒரு ராத்திரி ரகசியப் போலீஸ்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவேயில்லை. பயத்தில் அம்மா எல்லாப் படத்தையும் எரித்துவிட்டாள். ஊரே நாள் முழுக்க மத்வேயெவ்னா, மத்வேயெவ்னா என்று அப்பன் பெயரைச் சேர்த்துத்தான் அவளைக் கூப்பிடும். அந்த அப்பன் முகம் மட்டும் அவளுக்குத் தெரியாது. ஐம்பத்தோரு வயதிலும் அதை நினைத்து அழுவாள், பாவம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நூலகத்தில் தடை செய்த பத்திரிகைகளைப் பூட்டி வைத்திருந்த அறையைத் திறந்தார்கள். உள்ளே மர ஆலை நடத்திய செய்தித்தாள், 1936ஆம் வருடத் தொகுப்பு. புரட்டினாள்... தொழிலாளிகள் வரிசையாக நிற்கும் படம். ஆலைப் பத்திரிகையில் வந்த படத்தைப் பற்றி அம்மா சாகும்போது சொன்னது ஞாபகம் வந்தது. "வலது ஓரத்துல நிப்பாரு. தொப்பியைக் கையில புடிச்சிருப்பாரு." தொப்பி இருந்தது. கை இருந்தது. முகத்தில் கறுப்பு மை. மூன்று பேருக்கு அப்படி. பிடிபட்டவர்கள் முகத்தை மறைக்கச் சொல்லி அந்தக் காலத்தில் உத்தரவு. பூசியது இதே நூலகத்து ஆட்கள்.

மறுநாள், வாசகர்கள் வேண்டிய புத்தகத்தை எழுதிப் போடும் பெட்டியில் ஒரு சீட்டு. அதே தொகுப்பு, ஆறாம் மேசை. பெயர் இல்லை. சீட்டு விழுந்தால் கேள்வி கேட்காமல் எடுத்து வைப்பதுதான் அங்கே வழக்கம். வைத்தாள். யாரும் வரவில்லை. மாலையில் கதவைப் பூட்டும்போது உள்ளே... கர்ரக்... கர்ரக்... பேனா முள் காகிதத்தைக் கீறும் சத்தம். ஈர மை வாசனை.

காலையில் பார்த்தால் முதல் முகம் பளிச்சென்று இருந்தது. மீசைக்காரர், சிரிக்கிறார். சந்தோஷம் தாங்காமல் பிரிவுத் தலைவி ரிம்மாவிடம் சொல்ல ஓடினாள். நடைச் சுவரில் சிறந்த ஊழியர் பலகை. அவர்கள் பிரிவின் மூன்று பேர் படமும் அதில் உண்டு. ரிம்மா முகத்தில் கறுப்பு மை.

"வெனியமீன், ரிம்மா எங்க?"

பைண்டிங் செய்கிறவன் தலை நிமிரவில்லை. "எந்த ரிம்மா? இங்க நாம ரெண்டே பேருதானே. தூக்கம் கலையலையா மத்வேயெவ்னா? போய் டீயைக் குடிங்க."

பெட்டியில் மறுபடி சீட்டு. கிழித்துப் போட்டிருக்கலாம்... போடவில்லை. தொகுப்பை ஆறாம் மேசையில் வைத்தாள். மறுநாள் இரண்டாவது முகம் தெளிந்தது. வெனியமீன் வரவில்லை. பசைக் கிண்ணம் மட்டும் இருந்தது, தூரிகை இன்னும் ஈரமாக.

மூன்றாவது சீட்டு. பலகையில் மிச்சம் அவள் படம் ஒன்றுதான். நானாக இருந்தால் எடுத்திருப்பேன் ஓட்டம். அவள் சீட்டோடு தொகுப்பை எடுக்கப் போனாள். "அவங்க ரெண்டு பேரையும் கொடுத்தாச்சு. எனக்கென்ன? என்னைத் தேட யாரு இருக்கா?"

இந்த முறை மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் இருண்டது. கர்ரக்... கர்ரக்... மை ஓரத்திலிருந்து விலகியது. நெற்றி. புருவம். அவளுடைய அதே மூக்கு. "அப்பா!" என்று படத்தின் மேல் கவிழ்ந்து அழுதாள். ஐம்பத்தோரு வருடத்து அழுகை.

அப்புறம் அதே சாலையில் நடந்து வீட்டுக்குப் போனாள். ஒரே வீட்டில் ஐந்து குடும்பம். வாசல் மணியை இரண்டு தடவை அடித்தால் இவளைத் தேடி வந்த ஆள் என்று அர்த்தம். சாவி பூட்டில் சேரவில்லை, இரண்டு தடவை அடித்தாள். பக்கத்து அறைப் பெலகேயா சங்கிலியை எடுக்காமல் எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா வேணும்?"

"நான்தான் பெலகேயா... மத்வேயெவ்னா."

"ரெண்டு தடவை அடிச்சா வர இங்க ஆளே கிடையாதே. அந்த அறை வருஷக்கணக்கா காலியாக் கெடக்கு."

கதவு சாத்திக்கொண்டது. மணிக்குப் பக்கத்துப் பெயர்ப் பட்டியலில் ஒரு வரி மட்டும் கறுப்பு. தொட்டாள். விரலில் ஒட்டியது.

தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து தாமராவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். "உடனே இங்க வந்துடுங்க அத்தை" என்றாளாம் தாமரா. அத்தை வந்து சேரவில்லை. மறுநாள் காலை தாமரா என் வீட்டில் தேம்பித் தேம்பி அழுததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

போன வாரம் பேச்சுவாக்கில், "உன் அத்தையைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

தாமரா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எந்த அத்தை? எங்க மாமா சாகிற வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலையேடி."