நாலு நாள் துள்ளும்

டாக்டர்: தலையப் புடிங்கய்யா. கழுத்த இல்ல, தலைய.

வாட்ச்மேன்: கடிக்காது டாக்டர். மூட்டை இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல. குடோன் காவலுக்குன்னு வந்த நாயி, திருடன் வந்தாலும் வாலாட்டும்.

மனைவி: குரைக்கவாவது செய்யும். இவர் தூங்கிடுவாரு.

வாட்ச்மேன்: நான் எப்போ தூங்கினேன்...

டாக்டர்: பேரு என்ன சொன்னீங்க, மூட்டையா?

மனைவி: குட்டியா வந்தப்போ அடுக்கி வெச்ச மூட்டைங்க மேலதான் சுருண்டு படுத்துக்கும். மேனேஜர் ஒரு நாள் எண்ணிப் பாத்துட்டு, கணக்குல ஒரு மூட்டை கூட இருக்குதேன்னாரு. அதுலேருந்து மூட்டை.

டாக்டர்: சரி. எலி மருந்து தின்னுடுச்சுன்னீங்களே, எப்போ தின்னுச்சு?

மனைவி: இன்னைக்குக் காலையில.

டாக்டர்: எத்தனை மணிக்கு?

மனைவி: ஒரு... ஏழு இருக்கும்.

வாட்ச்மேன்: எங்கயோ வெளிய போய்த் தின்னுட்டு வந்திருக்கு டாக்டர். எந்திரிக்க முடியல. பின்னங்கால் ரெண்டும் மடங்கிடுது.

டாக்டர்: தின்னத நீங்க பாத்தீங்களா?

வாட்ச்மேன்: பாக்கல.

டாக்டர்: பாக்காம எலி மருந்துதான்னு எப்படிச் சொல்றீங்க?

வாட்ச்மேன்: குடோன்ல வெச்சிருக்கோம் டாக்டர், எலிக்கு. அத விட்டா வேற என்ன இருக்கு அங்க?

டாக்டர்: இப்பதான் வெளியன்னீங்க.

மனைவி: பதட்டத்துல பேசறாரு. நீங்க பாருங்க டாக்டர், மூக்குல...

டாக்டர்: அதத்தான் பாக்கறேன். எப்போலேருந்து ரத்தம் வருது?

வாட்ச்மேன்: ரத்தமா?

மனைவி: கொஞ்சம்தான். காலையிலேருந்து.

வாட்ச்மேன்: நேத்து என் கையில ஒட்டினப்போ தண்ணின்னுதானே சொன்ன?

மனைவி: தண்ணி குடிச்சுட்டு வந்துச்சு, அதான் சொன்னேன். இப்ப அதுவா முக்கியம்?

டாக்டர்: ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. ஐயா, இப்படி வாங்க. உதட்டத் தூக்கறேன், பாருங்க. ஈறு என்ன நிறத்துல இருக்கு?

வாட்ச்மேன்: ரோஸாத்தான் இருக்கு டாக்டர். நல்லாதான் இருக்கு.

டாக்டர்: ரோஸாவா?

மனைவி: கண்ணாடி எடுத்துட்டு வரல அவரு. கெளம்பற அவசரத்துல... வெளுத்திருக்கு டாக்டர். காகிதம் மாதிரி.

டாக்டர்: ஆமா. வயித்துலயும் இங்க பாருங்க, அங்கங்க கன்னிப்போயிருக்கு. யாரும் அடிச்சது இல்ல இது. உள்ள ரத்தம் கசியுது. இன்னைக்குக் காலையில தின்னா இப்படி ஆகாதும்மா.

மனைவி: ஆகாதா?

டாக்டர்: எலி மருந்து ஒரே ரகம் இல்ல. ஒண்ணு வயித்துக்குள்ள போனதும் வாயுவாகி, சில மணி நேரத்துல கொன்னுடும். இது அது இல்ல. இது ரத்தத்த உறைய விடாம பண்றது. தின்ன அன்னைக்கு ஒண்ணுமே தெரியாது. மறுநாளும் தெரியாது. மூணு நாலு நாள் கழிச்சுதான் இப்படி வந்து நிக்கும். ஏழு மணிங்கற கதையெல்லாம் வேண்டாம். யோசிச்சு சொல்லுங்க.

மனைவி: ஞாயித்துக்கிழமையா இருக்கலாம்.

வாட்ச்மேன்: ஞாயித்துக்கிழமையா?

டாக்டர்: ஏன் ஞாயித்துக்கிழமை?

மனைவி: சும்மா... அன்னைக்குக் கொஞ்சம் மந்தமா இருந்த மாதிரி.

வாட்ச்மேன்: அன்னைக்கு நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?

மனைவி: எனக்கு அப்படித் தோணுச்சு.

டாக்டர்: மருந்துப் பாக்கெட் இருக்கா?

வாட்ச்மேன்: பாக்கெட் இல்ல டாக்டர். மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் பையில கட்டிக் குடுத்தாரு. உருண்டை உருண்டையா இருக்கும். தட்டுல போட்டு, மூட்டை அடுக்கற ராக்குக்கு அடியில தள்ளி விடுவேன்.

டாக்டர்: என்ன நிறம்?

வாட்ச்மேன்: நிறம்...

மனைவி: பச்சை.

டாக்டர்: ராக்குக்கு அடியில இந்த நாயால போக முடியுமா?

வாட்ச்மேன்: முடியாது. என் கையே பாதிதான் போகும். குச்சியாலதான் தள்ளுவேன்.

டாக்டர்: அப்போ எப்படி? நாலு உருண்டை தின்னா இவ்வளவு பெரிய நாய்க்கு இந்த நெலைமை வராது. ஒரு தட்டு நெறைய தின்னிருக்கணும்.

வாட்ச்மேன்: தெரியல டாக்டர்.

டாக்டர்: அம்மா?

மனைவி: தெரியலயே டாக்டர்.

டாக்டர்: ஊசி போடறேன். காலப் புடிச்சுக்கங்க... ம். நல்ல நாய்டா நீ. இந்த விஷத்துக்கு மாத்து மருந்து இருக்கு, அதுதான் கொடுமை. வைட்டமின் ஊசி, அப்புறம் ஒரு மாசம் மாத்திரை. அவ்வளவுதான். மத்த விஷத்துக்கு அவகாசமே கெடைக்காது. இது மூணு நாள் அவகாசம் குடுக்குது, யாரும் எடுத்துக்கறதில்ல.

வாட்ச்மேன்: இப்ப ஊசி போட்டாச்சுல்ல டாக்டர். இனிமே...

டாக்டர்: இது வேலை செய்யறதுக்கே அரை நாள் ஆகும்யா. அது வரைக்கும் உடம்புல ரத்தம் இருக்கணும். வேற நாயோட ரத்தம் ஏத்தலாம். என் தங்கச்சி வீட்டுல பெரிய நாய் ஒண்ணு இருக்கு, அத வரச் சொல்றேன். முக்கால் மணி நேரம் ஆகும்... இருங்க, போன் அடிக்குது. ஹலோ. ஆமா, டாக்டர்தான் பேசறேன். எப்போ? அரை மணி முன்னாடியா? நீங்க கண்ணால பாத்தீங்களா? சரி, அழாதீங்க. பால் குடுக்காதீங்க. உப்புத் தண்ணியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். வாய்க்குள்ள விரல விடாதீங்க. வாந்தி வரவெக்கறத நான் பாத்துக்கறேன். மருந்து அட்டைய மறக்காம எடுத்துட்டு வாங்க, கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. வாந்தி எடுத்திருந்தா அதையும் ஒரு பையில... என்னது? அதெல்லாம் சாயங்காலம் பாத்துக்கலாம்னு நெனைக்காதீங்க. துள்ளி வெளையாடுதா? துள்ளும். நாலு நாள் துள்ளும். அத நம்பி வீட்டுல உக்காந்துடாதீங்க. இப்பவே வந்தா பொழச்சுடும். வாங்க.

வாட்ச்மேன்: யாரோ கண்ணால பாத்திருக்காங்க.

டாக்டர்: ஆமா. நான் பக்கத்து ரூம்ல ரத்தம் ஏத்த எல்லாம் எடுத்து வெக்கறேன். இந்தக் காயிதத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா. இங்க.

மனைவி: குடுங்க டாக்டர், நான் போடறேன். அவர் கையெல்லாம் ஈரம்.

டாக்டர்: கதகதப்பா மூடி வைங்க. அசைக்காதீங்க. ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா கூப்பிடுங்க.

வாட்ச்மேன்: போயிட்டாங்களா?

மனைவி: ம்.

வாட்ச்மேன்: டேய் மூட்டை... இங்கதான்டா இருக்கேன். காதை ஆட்டுது பாரு.

மனைவி: ஆமா.

வாட்ச்மேன்: ஞாயித்துக்கிழமைன்னு எப்படிச் சொன்ன?

மனைவி: டாக்டர் மூணு நாலு நாள்னாங்க. இன்னைக்குப் புதன். எண்ணிப் பாத்தேன்.

வாட்ச்மேன்: நேத்து ரவுண்டு போறப்போகூட வந்துச்சு. கொஞ்சம் மெதுவா வந்துச்சு. நான்தான் திட்டினேன், சோம்பேறின்னு.

மனைவி: அதுக்கு நீங்க திட்டறது புரியவா போகுது.

வாட்ச்மேன்: எல்லாம் புரியும். உன்னவிட நல்லாப் புரியும். கேட்டுப் பக்கம் லாரி நிக்குதுன்னா முன்னாடியே நின்னுடும். என் முட்டியில இடிச்சுட்டு நின்னுடும். தாண்டிப் போக விடாது.

மனைவி: பேசாதீங்க. அதத் தூங்க விடுங்க.

வாட்ச்மேன்: பொழச்சுடும்ல?

மனைவி: பொழச்சுடும்.

வாட்ச்மேன்: தங்கச்சி வீட்டு நாய் பெரிய நாயாமே. அதோட ரத்தம் ஏறினா, இனி நம்மள மதிக்காது இது. மெத்தையிலதான் படுப்பேன்னு சொல்லும்.

மனைவி: சொல்லட்டும். போட்டுக் குடுப்போம்.

வாட்ச்மேன்: உன் பொடவை ஒண்ண மடிச்சுப் போடு. பழசு இருக்குமே, அந்த...

மனைவி: போடறேன்.

வாட்ச்மேன்: மூச்சு விடுதா பாரு.

மனைவி: விடுது.

வாட்ச்மேன்: நெஞ்சு மேலதான் கைய வெச்சிருக்கேன். ஒண்ணும் தெரியலயே.

மனைவி: மெதுவா விடுது.

வாட்ச்மேன்: பாத்துச் சொல்லு.

மனைவி: விடுதுங்க...

வாட்ச்மேன்: டாக்டரக் கூப்பிடு.

மனைவி: கொஞ்சம் இருங்க.

வாட்ச்மேன்: டாக்டர். டாக்டர், கொஞ்சம் வாங்களேன்.

டாக்டர்: தள்ளுங்க... தள்ளுங்கம்மா. எப்போலேருந்து இப்படி இருக்கு?

வாட்ச்மேன்: மூச்சு விடுதுன்னு சொன்னா டாக்டர். இப்பகூட சொன்னா.

டாக்டர்: ஐயா, கைய எடுங்க.

வாட்ச்மேன்: அந்தப் பெரிய நாய் வந்துடுச்சா?

டாக்டர்: கைய எடுங்கய்யா. போயிடுச்சு.

வாட்ச்மேன்: முக்கால் மணி நேரம்னீங்களே. இன்னும் ஆகலயே.

டாக்டர்: ஆகல. அதால அதுவரைக்கும் தாங்க முடியல. ஞாயித்துக்கிழமையே கொண்டு வந்திருந்தா இன்னைக்கு இது உங்க குடோன்ல ஓடிட்டிருக்கும். உங்களக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லல. உங்க குடோன்ல மத்த உருண்டை இன்னும் இருக்கில்ல, அத மொதல்ல எடுத்து பூட்டி வைங்க.

மனைவி: சரி டாக்டர்.

டாக்டர்: எடுத்துட்டுப் போக ஏதாவது கொண்டு வந்தீங்களா?

வாட்ச்மேன்: துண்டு இருக்கு. என் துண்டுலயே சுத்திக்கறேன். நானே தூக்கறேன், நீ விடு.

மனைவி: கனமா இருக்கும்.

வாட்ச்மேன்: தெனம் தூக்கினதுதானே.

மனைவி: இப்படி வாங்க. கதவு இந்தப் பக்கம்... இங்க பெஞ்சு இருக்கு. கொஞ்ச நேரம் உக்காருங்க. ஆட்டோ வரட்டும்.

வாட்ச்மேன்: யாரது, உள்ள ஓடறது?

மனைவி: ஒரு குட்டி நாய். வெள்ளையா. ஒரு பொண்ணு புடிக்க முடியாம அது பின்னாடியே ஓடுது.

வாட்ச்மேன்: போன் பண்ணவங்களா?

மனைவி: கையில அட்டை வெச்சிருக்கா. அவங்கதான்.

வாட்ச்மேன்: நல்லா இருக்கட்டும்.

மனைவி: ம்.

வாட்ச்மேன்: உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

மனைவி: வீட்டுக்குப் போய் சொல்லிக்கலாம்.

வாட்ச்மேன்: இல்ல. இது மடியில இருக்கும்போதே சொல்லிடறேன். அது வெளிய எங்கயும் போய்த் தின்னல. நான்தான் போட்டேன்.

மனைவி: என்னங்க பேச்சு இது...

வாட்ச்மேன்: கேளு. அலமாரியில ரெண்டு பை. ஒண்ணு இதோட தீனி, ஒண்ணு மருந்து. ரெண்டும் உருண்டை, ரெண்டும் ஒரே மாதிரி பை. மருந்துப் பையில மட்டும் முடிச்சுப் போட்டு வெப்பேன். கைக்குத் தெரியணும்னு. சனிக்கிழமை ராக்குக்கு அடியில வெச்சுட்டு வந்து முடிச்சுப் போட மறந்துட்டேன் போல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பசிச்சுக் கத்துச்சு. கைக்குக் கெடச்சத அள்ளித் தட்டுல போட்டேன். தலையத் தடவிட்டே நின்னேன். வாலு என் கால்ல அடிச்சுட்டே இருந்துச்சு... இன்னைக்கு இது எந்திரிக்காம கெடந்தப்பதான் போய் ரெண்டு பையையும் தடவிப் பாத்தேன். மருந்துப் பை பாதிக்கு மேல காலி.

மனைவி: போதும்.

வாட்ச்மேன்: ஏன் தடவிப் பாத்தேன்னு கேக்க மாட்டியா? எனக்குக் கண்ணு தெரியலம்மா. ரெண்டு வருஷமா. வெளிச்சம் தெரியும், ஆளு நிக்கறது நெழலாத் தெரியும். நிறமெல்லாம் போயே போச்சு. ராத்திரி சுத்தமா ஒண்ணும் தெரியாது. இதுதான் என்னைக் கூட்டிட்டுப் போகும். சொன்னா வேலை போயிடும், குடோன்ல குடுத்திருக்கற ரூமும் போயிடும், உன்னை எங்க கொண்டுபோய் வெப்பேன்? அதான் உங்கிட்டகூட... சாப்பாடுன்னு நம்பித்தான் தின்னுச்சு. என் கையால. திட்டவாவது திட்டு.

மனைவி: ரெண்டு வருஷமாவே எனக்குத் தெரியும்ங்க. நீங்க மறைக்கறீங்கன்னு நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இதோட தட்டக் கழுவப் போனேன், ஓரத்துல பச்சையா அஞ்சாறு உருண்டை மிச்சம் கெடந்துச்சு. இது பக்கத்துல நின்னு துள்ளிட்டிருந்துச்சு. சொன்னா, எப்படி மாறிப்போச்சுன்னு நீங்க யோசிப்பீங்க, கண்ணு தெரியாதுங்கறது எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும்... உங்க மொகத்தப் பாத்தேன், கழுவிக் கவுத்துட்டு வந்துட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். அப்புறம் திங்கக்கெழமையும், நேத்தும், நீங்க அந்தப் பக்கம் போனதும் இதோட உதட்டத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துட்டே வந்துச்சுங்க. நான் பாத்துட்டேதான் இருந்தேன்.