ஒரிஜினல் கொடுப்பதில்லை

கல்யாண ஆல்பம் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேராவது, "ஒரிஜினல் ஃபைல் எல்லாத்தையும் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க" என்று கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. இருபத்திரண்டு வருஷமாக டவுன்ஷிப்பில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், ஒருவருக்கும் கொடுத்ததில்லை. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுத்தால் மூவாயிரத்தில் யாராவது கண்ணை மூடியிருப்பார்கள், வாயைப் பிளந்திருப்பார்கள், வேண்டாதவரை முறைத்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மொத்தத்தையும் கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா மணவறையில் கொட்டாவி விடும் படத்தைப் பெண்ணின் தங்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சில்லை.

அதனால்தான் சார், திலகவதி வந்து கேட்டபோதும் முடியாது என்று சொன்னேன்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மூன்று வாரம் கழித்து ஆல்பம் வாங்க வந்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் புரட்டினாள். முகத்தில் சிரிப்பே இல்லை. தன் முகத்தை அவள் பார்க்கவில்லை, படங்களின் ஓரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, மீதிப் படத்தையும் குடுங்கண்ணா. எங்க சித்தப்பா ஏதாவது ஒண்ணுல இருக்காரான்னு தேடணும்."

சித்தப்பா செல்வகுமார். அவள் அப்பா சடையப்பனுக்கு ஒரே தம்பி. கம்மாபுரம் பக்கம் இவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது குடும்பத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. அது அண்ணனுக்குப் போனது. அவர் மைன்ஸில் பர்மனென்ட், தம்பி அதே மைன்ஸில் கான்ட்ராக்ட். ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. செல்வகுமார் கல்யாணம் கட்டாதவர், பக்கத்தில் வடக்குத்து என்கிற ஊரில் தனியாக இருந்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் திலகவதி யாருக்கும் தெரியாமல் போய் அவரிடம் பத்திரிகை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். வாங்கிக்கொண்டாராம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

முகூர்த்தத்தன்று காலையில், மண்டபத்திலிருந்து அரை கிலோமீட்டரில், ரோட்டோரக் கருவேலம் புதருக்குள் அவர் அடிபட்டுக் கிடந்தார். பால் வேன் ஓட்டும் சைமன்ராஜ் என்பவர் ஒன்றுக்குப் போக இறங்கியபோது பார்த்து, தன் வேனிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்போது ஏழே முக்கால் தாண்டி ஐந்து நிமிஷம். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு அவரு வூட்டுக்குப் போறதும் அந்த ரோடுதான், மண்டபத்துக்கு வர்றதும் அந்த ரோடுதான்" என்றாள் திலகவதி. "என் கல்யாணத்துக்கு வந்துகினு இருந்தாரா, இல்ல வேணாம்னு வூட்டுக்குப் போய்கினு இருந்தாரா? ஒருவேளை வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும்ணா. அப்பா சோறே துன்ன மாட்டேங்கிறாரு."

நானே தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கொஞ்சம் சூடாகப் பேசினார். "எங்க கல்யாணம், எங்க மூஞ்சி. நீங்க வச்சுகினு என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். அந்த ஃபைல்களில் ஒவ்வொரு படமும் எத்தனை மணிக்கு எடுத்தது என்று பதிவாகியிருக்கும். காலை ஆறு எட்டுக்கு ஒரு படம், அதற்கடுத்த படம் ஆறு ஐம்பத்தொன்றுக்கு. நடுவில் ஒன்றும் இல்லை. நான் மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் கொள்கைதான் முதல் காரணம்.

அவள் மூன்றாவது தடவை தனியாக வந்தாள். எதுவும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். எனக்கும் பெண் இருக்கிறாள் சார், அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு கேட் பாஸ் போட்டோ எடுப்பது என் ஸ்டூடியோவில்தான். செல்வகுமாரின் முகம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. தாலி கட்டியதும் அட்சதை போடுகிற படம் ஒன்றில் பின்னால் மண்டப வாசல் தெரியும். அதில் அவரை நிறுத்தினேன். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். கேட் பாஸ் படத்தில் எல்லோரும் விறைப்பாகத்தான் இருப்பார்கள், அதனால் உதட்டோரத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். தூரத்தில் இருப்பவர் லேசாக மங்கித் தெரிய வேண்டும், அதையும் செய்தேன். இரண்டு நாள் வேலை. காசு வாங்கவில்லை.

படத்தைக் கையில் வாங்கியதும் திலகவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வந்திருக்காருண்ணா, வந்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நல்ல காரியம் செய்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சடையப்பன் விஷயம் நான் எதிர்பாராதது. மறுநாள் வந்தார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்தம்பி வாசல் வரைக்கும் வந்து நின்னுகினு இருந்திருக்கான்ங்க. நான் திரும்பிப் பாக்கல. ஒரு வார்த்தை, வாடான்னு கூப்புட்டிருந்தா உள்ள வந்து குந்தியிருப்பான். சாப்புட்டுட்டுப் போயிருப்பான். நிக்க வச்சு அனுப்பி சாவடிச்சுட்டேன்."

அப்படியெல்லாம் இல்லைங்க ஐயா என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். காலையில் அந்த மண்டபத்து வாசலில் போய் நிற்கிறாராம். வாட்ச்மேன் வந்து வீட்டுக்கு அனுப்பிவைக்கிறாராம்.

படத்தை உங்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். தம்பி கல்யாணத்துக்கு வந்தான் என்பதை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நீங்கள் தாலி கட்டிய நேரத்தை விசாரித்தீர்கள். ஏழு நாற்பது. ஏழு நாற்பதுக்கு மண்டப வாசலில் உயிரோடு நின்றவர், ஏழு ஐம்பதுக்கு சைமன்ராஜின் வேனில் அடிபட்டுக் கிடக்கிறார். நடுவில் பத்து நிமிஷம். அந்த ரோட்டில் வேறு எந்த வண்டியைத் தேடுவது? சைமன்ராஜ் உள்ளே போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

நேற்று நீங்கள் வந்து, கோர்ட்டுக்கு அந்தப் படத்தின் ஒரிஜினல் வேண்டும் என்றீர்கள். கோர்ட் வாடிக்கையாளர் இல்லை, அதனால் மறுக்க முடியாது. இந்த ஹார்ட் டிஸ்கில் மொத்தப் படமும் இருக்கிறது. எதையும் அழிக்கவில்லை. நீங்கள் கேட்ட படத்தில் வாசல் காலியாக இருக்கும்.

கல்யாணத்தன்று காலை கேமராவின் ஸ்பேர் பேட்டரியை ஸ்டூடியோவிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆறு மணிக்கு மேல் என் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு போய் எடுத்து வந்தேன். கல்யாண வீட்டில் போட்டோகிராபர் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. பயங்கரப் பனி. மொபெட் கண்ணில் பட்டபோது அது வண்டிக்கு அடியில் இருந்தது.

இறங்கிப் பார்த்தேன். செல்வகுமாருக்கு நினைவு இருந்தது. கால்தான் திரும்பிக் கிடந்தது. வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

"முகூர்த்தம் எத்தினி மணிக்குங்க?" என்று கேட்டார். என் கழுத்தில் கேமரா கிடந்ததைப் பார்த்திருக்கிறார்.

ஏழரை மணிக்குமேல் என்றேன்.

"அப்ப நேரம் இருக்கு. வூட்டுக்குப் போய் குளிச்சுகினு வந்துடலாம். எங்க அண்ணன் பொண்ணுங்க. அதுவே வந்து பத்திரிகை வச்சிட்டுப் போச்சு."

அந்தப் பெண் மூன்று தடவை வந்து கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் கேட்டது படம், நானும் படத்தைப் பற்றித்தான் பதில் சொன்னேன்.

ரோட்டில் கிடந்தால் வேறு வண்டி ஏறிவிடும் என்று அவரைத் தூக்கிக் கருவேலம் புதருக்கு உள்ளே படுக்க வைத்தேன். மொபெட்டையும் உள்ளே தள்ளினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் தாலி கட்டும் நேரம் தவறிவிடும். அது திரும்ப வராது சார், ஒருத்திக்கு ஒரு தடவைதான். யாராவது பார்த்துத் தூக்கிப்போவார்கள் என்று நினைத்தேன், அதன்படியே சைமன்ராஜ் வந்தார். என்ன, ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறார்கள். அதே நேரத்தில்தான் நான் திலகவதியின் மருதாணிக் கையையும் மாலையையும் எடுத்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கவில்லை, ஒரு படம்கூட ஆடவில்லை. நெல்லிக்குப்பத்தில் ஒரு பட்டறையில் ஆம்னியின் முன்பக்கத்தை மாற்றினேன். நான்தான் இடித்தேன், நான்தான் மறைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண்ணிடமிருந்து நான் கொடுத்த படத்தைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். ஒரிஜினலை அவளுக்குக் காட்டவும் வேண்டாம். அவளுக்குச் சித்தப்பா கல்யாணத்துக்கு வந்தாரா என்பதுதான் கவலையாக இருந்தது, அந்தக் குறையை நான் தீர்த்து வைத்துவிட்டேன்.