ஏரிப் பாதை இன்னிக்கு அடைப்பு

அட, நில்லு தம்பி, நில்லு! அந்த நாடாவத் தாண்டிடாத. செவப்பும் வெள்ளையுமா இம்மாம் நீளத்துக்குக் கட்டி வச்சிருக்கேன், கண்ணுக்குத் தெரியலியா? பலகையில என்ன எழுதியிருக்கு, படி. ஆங், அதேதான். மரம் வெட்டுறோம், உயிருக்கு ஆபத்து. ஏரிப் பாதை இன்னிக்கு அடைப்பு.

என்னது, ரம்பச் சத்தமே கேக்கலியா? வெட்டுறவனும் மனுசன்தானேப்பா, ரொட்டி திங்க ஒக்காந்திருப்பான். ஞாயித்துக்கெழமையில எவன் மரம் வெட்டுவான்னா கேக்குற? நல்லாத்தான் கேக்குற. மரப்பட்டையக் கொடையிற வண்டுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? அதுபாட்டுக்குத் தின்னுக்கிட்டேதான் இருக்கு. நான் இந்த ஊருக் காட்டுல வேல பாக்குறவன், பேரு வின்சென்ஸ். இருபத்தெட்டு வருசமா இதே வேலதான். நம்பிக்கை இல்லன்னா கீழ போயி யாரையாச்சும் கேட்டுக்கோ. ஆனா இப்ப ஒருத்தரும் சிக்க மாட்டாங்க. எட்டரைப் பூசைக்கு ஊரே மாதா கோயில்ல இருக்கு.

ஒக்காரு, ஒக்காரு. இந்த பெஞ்சு நான் போட்டதுதான், ஆடாது. எங்க தங்கியிருக்க? செராஃபின் வீட்டுலயா! அடப்பாவமே, காப்பி குடுத்தானா? கழனித்தண்ணியாட்டம் இருந்திருக்குமே. இந்தா, மோர் குடி. அட, என்னை நீங்க வாங்கன்னெல்லாம் சொல்லாதப்பா. இங்க ஆயிரம் மீட்டர் ஏறிட்டா மரியாதைய கீழயே கழட்டி வச்சிட்டு வந்துடணும். மந்திரியே வந்தாலும் நீ, வா, போதான்.

உனக்கு ஓடணும், அவ்வளவுதானே? ஓடுறதுக்கு எங்க ஊர்ல வழிக்கா பஞ்சம்? கோயிலுக்குப் பின்னால ஒண்ணு மேல ஏறுது, பன்னெண்டு கிலோமீட்டர். மொத ரெண்டு கிலோமீட்டர்லயே உசுரு தொண்டைக்கு வந்துடும். ஆனா மேல போயிட்டேன்னு வையி, இத்தாலிப் பக்கத்துப் பனிமல வரைக்கும் வரிசையா நிக்கும் பாரு, எறங்கி வரவே மனசு வராது. வேணாமா? முழங்கால் வலியா? இந்த வயசுலயா?

அப்ப மேய்ச்சல் மேட்டு வழியா போ. புல்லுத் தரை, காலுக்கு மெத்தையாட்டம் இருக்கும். மாடு நிக்கும், ஆமா. நாயோட வந்தியா? இல்லல்ல, அப்ப பயமே இல்ல. கன்னுக்குட்டி வச்சிருக்குற பசுவுக்கு நாயக் கண்டாத்தான் ஆகாது. பக்கத்துல போறப்ப மட்டும் ஓட்டத்த நிறுத்திட்டு நட. அப்பறம், கேட்டத் தொறந்தேன்னா மறக்காம மூடு. போன வருசம் உன்ன மாதிரி ஒருத்தன், காதுல பாட்ட மாட்டிக்கிட்டு, கேட்ட மூடாமப் போயிட்டான். சாயங்காலம் பாத்தா பதினாலு மாடு ஓட்டல் நீச்சல் தொட்டியச் சுத்தி நின்னு தண்ணி குடிச்சிக்கிட்டிருக்கு. சாஞ்சு படுத்திருந்த வெளியூரு அம்மா ஒருத்தங்க போட்ட சத்தம் இருக்கே, மூணு ஊருக்குக் கேட்டுச்சு.

அதுவும் வேணாமா? சமதரையாத்தான் வேணுமா? சரியான அடம்பா உனக்கு. ஆமா ஆமா, ஏரிப் பாதை சமதரைதான், யாரு இல்லேங்குறா? அந்தக் கோடியில இருக்குற சின்னக் கோயில் வரைக்கும் மூணு, திரும்ப மூணு, ஆறு கிலோமீட்டர். இந்த மலையிலயே கொழந்த கூட ஓடுற வழி அது ஒண்ணுதான். அதான் அடைச்சிருக்கேன்னு சொல்றேன்ல.

நானா? நான் எங்க ஓடுனேன்? இந்த வயித்தப் பாத்தா ஓடுறவன் வயிறாட்டமா இருக்கு? எல்லாம் என் சம்சாரம் சொல்லிக் கேட்டது. புர்கி. வழி நெடுக மரத்துலயும் பாறையிலயும் செவப்பு வெள்ளக் கோடு போட்டிருக்கே, பாத்திருப்பியே, அதெல்லாம் அவ கை. பெயிண்டு டப்பாவ முதுகுல கட்டிக்கிட்டு ஓடி ஓடிப் போடுவா. வருசா வருசம் அக்டோபர்ல இங்க மலையோட்டம் நடக்கும். பொம்பளைங்கள்ல ஒம்பது தடவ அவதான் மொதல். எங்க கல்யாணத்தன்னிக்குக் காலையிலயும் ஓடிட்டுத்தான் வந்தா. கோயில் வாசப்படியில ஒக்காந்து ஷூவக் கழட்டிட்டு செருப்ப மாட்டுனா, பாதிரியார் தலையில அடிச்சிக்கிட்டார். இப்பவும் ஓடுறாளான்னு கேக்குறியா? ம்ம். மோர் இன்னொரு கிளாஸ் ஊத்தட்டுமா?

ஆமா, உன் கடியாரத்துல மணி என்ன? எட்டு அம்பதா? சரியாப் பாத்தியா? உங்க கடியாரமெல்லாம் நெஞ்சுத் துடிப்பு, தூக்கம், எல்லாம் காட்டுதாமே, மணியையும் ஒழுங்கா காட்டும்ல? ஒண்ணுமில்ல, சும்மாத்தான் கேட்டேன். எங்க திரும்பித் திரும்பிப் பாக்குறேன்? நான் பாக்கலியே. வண்டு... சரி, எந்திரிக்காத. ஒக்காரு. நாடாவ விடு. சொல்றேன்.

மரமும் வெட்டல, மட்டையும் வெட்டல. அத்தனையும் பொய்யி. பூசைக்கும் போகாம ஒக்காந்துக்கிட்டு, முன்னப் பின்ன தெரியாத பையன்கிட்ட ஞாயித்துக்கெழம காலையில புளுகிக்கிட்டிருக்கேன். உள்ள ஓடுறது என் சம்சாரம்.

சனவரியில ஒரு சனிக்கிழம தம்பி. கொட்டகைக் கூரையில ஒரு ஆள் ஒயரத்துக்குப் பனி. ஏறித் தள்ளிவிடுன்னு காலையிலேந்து ரெண்டு தடவ சொல்லிட்டா. எனக்கு டிவியில பனிச்சறுக்குப் பந்தயம். அந்த ஒரு நாள் எங்க ஊர்ல வீடு பத்திக்கிட்டாலும் எவனும் எந்திரிக்க மாட்டான், அப்படி. எங்க ஊர்ப் பையன் பதினேழாவது ஆளா எறங்கப் போறான். அவன் எறங்கட்டும்டி, போறேன்னேன். அவனும் எறங்குனான், கூரைப் பனியும் எறங்குச்சு. பால் வாளியோட அவ அதுக்கு அடியில. அந்தப் பையன் நாலாவதா வந்தான். அது கூட ஞாபகம் இருக்கு பாரு எனக்கு.

இடுப்பெலும்பு ரெண்டு எடத்துல, தொட ஒரு எடத்துல. என்னை ஒரு வார்த்த சொல்லல தம்பி. வாயில வந்தபடி திட்டியிருந்தா நான் சாப்புட்டுத் தூங்கியிருப்பேன். எட்டு மாசமாச்சு, ஒரு வார்த்த இல்ல. டாக்டர் நல்லா நடப்பாங்கன்னார். ஓடுவாளான்னு கேட்டேன், வயசு அம்பத்திமூணு ஆகுதுல்லன்னார். அதுவா பதிலு? இங்க பத்தடி நடந்தா பத்து பேரு நிறுத்துவான். இடுப்பு எப்படி இருக்கு புர்கி, பாவம் புர்கி. அந்தப் பாவம்ங்குற வார்த்ததான் அவளுக்கு ஆகாது. அதான், ஊரே குளிச்சுப் பூசைக்குப் பொறப்படுற நேரத்துல போறேன், ஒரு ஈ காக்கா என் கண்ணுல படக் கூடாது, வழிய அடைச்சு வையின்னா. நாடா கட்ட எனக்குத் தெரியாதா? பனி தள்ளத்தான் தெரியல.

நிக்காம அந்தச் சின்னக் கோயிலத் தொட்டுட்டு வந்தா இந்த வருசப் போட்டிக்குப் பேரு குடுக்குறாளாம். முடியலன்னா ஷூவ அடுப்புல போட்டுடுவாளாம், அதுக்கப்பறம் வீட்டுல ஓட்டங்குற பேச்சே எடுக்கக் கூடாதாம். அவ சொன்னா செஞ்சுடுவா. ஏழரைக்குக் கெளம்பினா. முன்னெல்லாம் அரை மணியில வந்துடுவா. இன்னிக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதுக்கு முன்னால மொகத்த இந்தப் பக்கம் திருப்பாதன்னா.

இந்தா, நடுப்பூசை மணி அடிக்குது. கேக்குதா? அப்ப ஒம்பதாச்சு. எட்டரைக்கே அவ வந்திருக்கணும்.

தம்பி, இவ்வளவு நேரம் போகாதன்னு உன் காலக் கட்டிப் போட்டேன். இப்ப போயேன்னு கேக்குறேன், கோவிச்சுக்காத. நான் போறதில்லன்னு அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். மீறிப் போனாலும் இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு எப்பப் போயிச் சேருவேன்? நீ வெளியூரு. அவளுக்கு நீ யாரோ ஓடுற ஒருத்தன், அவ்வளவுதான். பேரு சொல்லிக் கூப்புடாத, நான் அனுப்புனேன்னும் சொல்லாத. குனி, நாடாவத் தூக்குறேன்.

அவ ஓடிக்கிட்டிருந்தா பக்கத்துல போகாத. தண்ணி ஓரத்துல ஒரு வளைவு வருது பாரு, அங்க நின்னு கையத் தூக்கிக் காட்டு, எனக்கு இங்கேந்து தெரியும். எங்கயாச்சும் ஒக்காந்திருந்தா நீயும் கூட ஒக்காந்துக்கோ, வாயத் தொறக்காத, நான் சத்தியத்த விட்டுட்டு வந்து சேந்துடுறேன். நடந்து வந்துக்கிட்டிருந்தா அவ பின்னாலயே வா தம்பி. எவ்வளவு மெதுவா வந்தாலும் சரி. அவள முந்திடாத.