நெஞ்சில் தழும்பில்லை

மண்ணரை டவுன் பஸ்ஸில் பதினேழு பேர் நின்றோம். எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனிக்காரர்கள் இருவர்.

“ஹார்ட் ஆபரேசன்னா நெஞ்சக் காட்டுங்கறாருங்க மேனேஜரு.”

“காட்ட வேண்டியதுதானுங்களே?”

“நெஞ்சுல என்னங்க இருக்குது? துடிப்பு தாறுமாறா ஓடுச்சுன்னு, தொடை வழியா வயர உட்டு உள்ள சுட்டிருக்காங்க. டாக்டரு வெயிட்டே தூக்கக் கூடாதுங்கறாரு.”

“தொடையக் காட்டுனீங்களா?”

“காட்டுனனுங்க. கொசுக்கடிக்கெல்லாம் லீவு இல்ல, துணி ரோலத் தூக்குங்கறாரு.”

“டாக்டர் சீட்டு?”

“அது எல்லாருகிட்டயும் இருக்குதாமா.”

பக்கத்தில் இருந்த நண்பர் அவர் பக்கம் திரும்பினார். “நாளைக்கு நெஞ்சுல பெரிய பிளாஸ்திரியா ஒட்டீட்டுப் போங்க.”

“ஒண்ணுமில்லாத எடத்துலீங்களா?”

“அங்கதானுங்க அவுரு பாக்கறாரு.”

மருந்துக்கடை நிறுத்தத்தில் இருவரும் எழுந்தார்கள். படியிறங்கும்போது ஆபரேஷன் ஆனவர் வலியில் தொடையைப் பிடித்துக்கொண்டார்.

“நெஞ்சப் புடிங்க,” என்றார் நண்பர். “இப்பவே பழகோணுமுங்க.”