மில் சுவரில் ஒரு மச்சம்

— பைய இப்படிக் குடு தாவீது, நான் தூக்கினு வரேன். ராவெல்லாம் பஸ்ஸுல ஒக்காந்துகினு வந்தவன் நீ.

— வேண்டாம் அய்யா. மில்லு மொதலாளி நீங்க, எனக்க பையத் தூக்குறதா? கூட்ரோடு வரைக்கும் வந்து எனக்காவக் காத்து நின்னதே பெரிய காரியமாக்கும்.

— ஆடி மொத வெள்ளிக்கு வந்துடுவேன்னு மில்லு மேஸ்திரிகிட்ட சொல்ட்டுப் போனியாமே. அதான் விடியறதுக்கு முன்னாடியே வந்து நின்னுகினு கீறேன். வேற எவனாச்சும் உன்ன மொதல்ல பாத்து கண்டதயும் சொல்லிடப் போறானேன்னு.

— என்னத்தச் சொல்லுவாவ?

— செவுத்தப் பத்திதான்.

— எனக்க சித்திரத்துக்கு என்ன ஆச்சு அய்யா?

— பைய குடு, நடந்துகினே சொல்றேன்.

— இந்தாங்க. பாத்துப் பிடியுங்க, உள்ள ஓலையில முடைஞ்ச கருப்பட்டிக் கொட்டான் இருக்கு. எனக்க காலேஜ் கார்டும் அந்தக் கொட்டானுக்குள்ளதான் செருகி வச்சிருக்கேன்.

— ஓவியக் காலேஜ் முடிச்சிட்டேன்னு சொன்ன?

— முடிச்சாச்சு. ஆனா கார்டை விட முடியாதுல்லா. மே மாசம் இங்க எலெக்ஷன் மீட்டிங்குல அந்தக் குண்டு வெடிச்சதுல இருந்து, நான் வாயத் தொறந்தாலே போலீசு திரும்பிப் பாக்கு. நாகர்கோயில்னு சொன்னா நம்ப மாட்டேங்காவ. சிலோன் பேச்சுங்காவ. நேத்து ராத்திரிகூட திண்டிவனத்துல என்னைய மட்டும் பஸ்ஸ விட்டு இறக்கிட்டாவ. கார்டைக் காட்டின பொறவுதான் விட்டாவ.

— அப்ப அது ஒன்னுதான் உன்ன காப்பாத்துது.

— அது ஒண்ணுதான்.

— சரி, இப்படி ஏரிக்கர மேல வா.

— தெரு வழியாப் போனா கிட்டக்கதானே? அங்க பம்பை அடிக்க சத்தம் கேக்கு.

— எங்க வூட்லதான் அடிக்கறாங்க. பூவாடை அழைக்கறோம். பம்பைக்காரன் பாடி, அவ வந்து எறங்கறவரைக்கும் அசலூரான் வாசப்படி மிதிக்கக் கூடாது. அதான் உன்ன சுத்திக் கூட்டிகினு போறேன்.

— உங்க அத்தை கங்கம்மாளுக்கா? மஞ்சுளா எல்லாம் சொல்லியிருக்கா அய்யா. கல்யாணம் ஆகாமச் செத்த பொண்ண வீட்டுத் தெய்வமாக் கும்பிடுவிய, புதுப் புடவை வச்சு, பம்பை அடிச்சு, பூவாடைக்காரி வாம்மான்னு கூப்பிடுவியன்னு. அதக் கேட்டுத்தான் அவளச் சுவருக்கு நடுவுல வரைஞ்சேன்.

— எம் பொண்ணு உங்கிட்ட நெறையதான் பேசிக்கீறா.

— தெருக்கதை முழுக்க அவ சொன்னதுதானே. உங்க இளைஞர் மன்றத்துப் பயலுவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. மண்ணூர் சரித்திரத்தச் சுவரில போடுன்னு சொன்னாவ, சரித்திரம் என்னன்னு கேட்டா சினிமாக்காரன் ஷூட்டிங் வந்த கதையச் சொல்லுதாவ. ஏரி ஒடைஞ்சது, பஞ்சத்துல மரவள்ளி தின்னது, உங்கப்பா மில்லுக்கு இன்ஜின் எறக்கினது, எல்லாம் அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ இப்ப கம்பெனிக்குப் போயிருப்பாளா? பர்ஸ்ட் ஷிப்டுதானே?

— வேலைக்குப் போறத நிறுத்தியாச்சு.

— ஏன், சொகமில்லியா?

— சொகத்துக்கு இன்னா? இனிமே அவளுக்கு ஒரு கொறையும் கெடையாது. கெடக்குது வுடு. உன் படத்துக்கு வரேன். இன்னா படம்ப்பா அது? ஏரிய ரத்தம் மாதிரி செகப்பா போட்டுக்கீற. மாட்டுக்கு ஏழு காலு. எங்கப்பன மில்லு பெல்ட்டு மேல பல்லி மாதிரி ஒட்ட வெச்சிக்கீற. ஜனங்க சிரிக்குது.

— அது நவீன ஓவியம் அய்யா. கண்ணு காணுறத அப்பிடியே போட ஃபோட்டோ பிடிச்சாப் போருமே. மனசுல கிடக்கத இல்லியா போடணும்?

— கரெக்டு. மனசுல கெடந்தது செவுத்துக்கு வந்துச்சு. பூவாடைக்காரிக்கு கண்ணு ரெண்டும் ஒரே பக்கம், மூக்கு காதுகிட்ட கீது. எந்தக் கம்னாட்டிக்கும் அது யாருன்னு தெரிஞ்சிருக்காது. ஆனா மோவாய்ல அந்த மச்சத்த மட்டும் இருக்கற எடத்துலயே கரெக்டா வெச்சிட்டியே தம்பி.

— அய்யா...

— மில்லுல அரவைக்கு வந்த பொம்பளதான் மொதல்ல பாத்தா. தே, நம்ம மஞ்சுளான்னா. நீ ஊருக்குப் போய் ரெண்டு நாளுகூட ஆவல அப்ப.

— ஒளிக்கல்ல அய்யா. எனக்கும் மஞ்சுளாவுக்கும் மனசு ஒத்துப் போச்சு. எங்க அம்மைட்ட சம்மதம் கேக்கத்தான் ஊருக்கே போனேன். இப்ப வந்தது நேரா உங்ககிட்டப் பேசத்தான். நீங்க அடிச்சாலும் வாங்கிக்கிடுவேன்.

— உங்கப்பாரு இன்னா பண்றாரு?

— கட்டுமரத்துல போனவரு திரும்பி வரல்ல. அம்மை தலைச்சுமடா மீன் விக்கா.

— நீங்க கும்பிடப் போற கோயிலு, சர்ச்சுதான்?

— சர்ச்சுதான்.

— நல்லது. எல்லாத்தயும் மறைக்காம சொன்ன பாரு, அது புடிச்சிருக்குது எனக்கு. இனிமே அய்யா வாணாம். மாமான்னு கூப்பிடு.

— உள்ளதாத்தான் சொல்லுதியளா?

— கூப்பிடுய்யா.

— மாமா. என்ன சொல்லதுன்னே தெரியல்ல மாமா. வெட்டிப் போட்டுருவியன்னு பயந்துக்கிட்டுல்லா பஸ் ஏறினேன். அம்மையும் போவாதலே மக்கா, போவாதலேன்னு கரைஞ்சா.

— வெட்டறது குத்தறதெல்லாம் எங்கப்பன் காலத்தோட போச்சு. அவுரு செஞ்சது எல்லாமே அரகொறதான். கங்கம்மா அத்தை எப்டி செத்தான்னு மஞ்சுளா சொன்னாளா?

— கிணத்துல தவறி விழுந்தான்னு சொன்னா.

— மில்லு இன்ஜின் ரிப்பேருக்கு வந்தவன் ஒருத்தன். அவங்கூட ஓடறதுக்குத் துணிமூட்ட கட்டி வெச்சிருந்தா. மறுநா காலைல கெணத்துல மெதந்தா.

— தானாவா விழுந்தா மாமா?

— எங்க வூட்டுப் பொண்ணுங்க தானாத்தான் வுழும்.

— அந்த இன்ஜின்காரன்?

— அவன வுட்டுட்டாரு எங்கப்பா. அதான் அவரு பண்ண தப்பு. அவன் கோர்ட்டு, கச்சேரி, பேப்பர்காரன்னு அலைஞ்சி, காஞ்சிபுரம் வரைக்கும் எங்க மானத்த வித்தான். சாவறவரைக்கும் எங்கப்பா அதயேதான் சொல்லுவாரு. பொண்ணு செத்தா தெய்வமாயிடறா, வருசத்துக்கு ஒரு புடவ வெச்சா வாய மூடிக்குவா. ஆம்பளைக்கு வாயி இருக்குதுடா, அத மூடிட்டு மத்ததப் பாருன்னு.

— பாவம் அந்த ஆளு. நல்லவேளை, நீங்க அவர மாதிரி இல்ல.

— நான் அவர மாதிரி இல்லதான். இன்னொன்னு, மனச தேத்திக்கோ. உன் செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சாச்சு. ஏரி, மாடு, மில்லு ஒன்னும் கெடையாது இப்ப.

— மாமா, அது மாசிலேந்து செஞ்ச வேலையாக்கும்.

— அந்த மூஞ்சிய மட்டும் வுட்டுட்டோம். அதுக்கு மஞ்சா பூசி, குங்குமம் வெச்சி, மால போட்டுக்கீது. பொம்பளைங்க வந்து கற்பூரம் ஏத்தறாங்க.

— எனக்க படத்துக்கா? மெட்ராசில நாங்க எக்சிபிஷன் வச்சா, வாறவன் ஓசிக் காப்பி குடிச்சிட்டுத் தலைய ஆட்டிட்டுப் போவான். இங்க கற்பூரம் ஏத்துதாவளா? எங்க வாத்தியாரு கேட்டா நம்ப மாட்டாரு மாமா. சுவரு போனாப் போட்டு. சனங்க அத ஏத்துக்கிட்டாவ இல்லியா, அது போரும் எனக்கு.

— ஏத்துகினாங்க. ஆனா ஒன்னு, உனக்கு எங்க வழக்கம் தெரியல. உசுரோட கீறவ மூஞ்சிய பூவாடைக்காரிக்கு வெக்கக் கூடாது. வெச்சா அவ செத்தவன்னு ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி.

— அம்மாடி. சத்தியமா தெரியாது மாமா. மஞ்சுளாகூட பாத்துட்டு, என்னைய இப்பமே தெய்வமாக்கிட்டியேன்னு சிரிச்சா. இதுக்குப் பரிகாரம் ஒண்ணும் கிடையாதா?

— பண்ணிட்டோம். அதுக்குதான் இன்னிக்குப் பம்பை.

— அப்ப என்னாலதானா இந்தப் பூசை?

— உன்னாலதான். பையில பளபளன்னு ஏதோ புடவ கீதே?

— வாடாமல்லிக் கலரு. அம்மை எடுத்தது. மீன் நாத்தத்தோட பட்டுக் கடைக்குள்ள போவக் கூச்சப்பட்டு வாசல்லயே நின்னா. நான் உள்ள போயி ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்ட, கண்ணாடிக்கு வெளிய நின்னு தலைய ஆட்டி ஆட்டி எடுத்தா. மருமவளுக்குன்னு.

— பூவாடைக்கு இன்னும் புடவ எடுக்கல. இதயே வெச்சிடலாம்.

— அது மஞ்சுளாவுக்குன்னு அம்மை...

— மஞ்சுளாகிட்டதான் போய்ச் சேரும். நான் பொறுப்பு.

— அப்ப சரி மாமா. பூசையில வச்ச புடவைன்னா அம்மைக்கும் சந்தோசந்தான்.

— அதோ தெரியுதே, அதான் மதகு. மேல ஏறினா ரோடு பூரா தெரியும். காமிராதான் கழுத்துலயே கீதே, ஒரு போட்டோ புடி. கம்பெனி வரப்போவுதுன்னு இங்கெல்லாம் அளந்துகினு போறானுங்க. அடுத்த ஆடிக்கு இந்த எடம் இப்படி இருக்காது. நான் பைய வெச்சிகினு கீழ நிக்கறேன்.

— சுவரு போனாலும் ஃபோட்டோவாவது இருக்கட்டும். பம்பைச் சத்தம் இங்க நல்லாக் கேக்கு மாமா.

— அந்தச் சாவடி, ஜீப்பு எல்லாம் வுழற மாதிரி புடி.

— கிட்டிச்சு. அது போலீசா?

— ஆமா, செக்போஸ்ட்டு. குண்டு வெடிச்ச மைதானத்துக்குப் போற ரோடாச்சே. மே மாசத்துலேந்து அங்கயேதான் கெடக்கறானுங்க.

— கீழ என்ன விழுந்துது? தண்ணியில சத்தம் கேட்டுதே.

— மீனு துள்ளுச்சு.

— கடப்புறத்துக்காரங்கிட்டயா மாமா? மீன் துள்ளினா இப்பிடிக் கேக்காது. கனமா என்னவோ முங்கின சத்தமாக்கும் அது.

— கரை சரிஞ்சிருக்கும். எறங்கி வா. அப்படியே போலீஸ்ல ஒரு வார்த்த சொல்ட்டுப் போயிடலாம். வெளியூரு ஆளு வந்து தங்கினா சொல்லணும்னு ஆர்டரு போட்டுக்கீறாங்க.

— கார்டை எடுத்துக்கிடட்டா?

— நான் இல்ல கூட? வா. வணக்கம் ஏட்டையா.

— வாங்க பாண்டுரங்கன். யாரு இது?

— சந்தேகமா எவன் தெரிஞ்சாலும் கூட்டியாரச் சொன்னீங்களே சார். மதகு மேல நின்னுகினு உங்க செக்போஸ்ட்ட போட்டோ புடிச்சிகினு இருந்தான். இன்னாப்பான்னு கேட்டா, பேச்சு நம்ம பேச்சாவே இல்ல.

— மாமா, என்ன சொல்லுதிய? ஏன் மாமா இப்பிடி?

— கேட்டீங்களா சார் பேச்ச?

— கேட்டேன். டேய், எந்த ஊரு நீ?

— நாகர்கோயில் பக்கம் சார், கடப்புறம். நான் ஓவியனாக்கும். இவருக்க மில்லுச் சுவரில நான்தான் சார் படம் வரைஞ்சேன்.

— பிடிபடுறவன் பூரா நாகர்கோயில்னுதான் சொல்றான். போட்ல வந்து இறங்கினவனும் அதத்தான் சொல்றான். அடையாளம் என்ன இருக்கு?

— காலேஜ் கார்டு இருக்கு சார். அவரு கையில உள்ளது எனக்க பை. கருப்பட்டிக் கொட்டானுக்குள்ள பாருங்க.

— பையத் தொறங்க பெரியவரே.

— பாருங்க சார், தாராளமா பாருங்க. என் பைதான். வூட்ல பூஜ, அதுக்குப் புடவ ஒன்னு வாங்கினு வரேன். வேற ஒன்னுமில்ல.

— கொட்டான் எங்க? மாமா, தண்ணியிலயா போட்டிய? அது ஒண்ணுதான் என்னையக் காப்பாத்துதுன்னு உங்ககிட்டச் சொன்னேனே மாமா.

— என்ன பெரியவரே, வார்த்தைக்கு வார்த்தை மாமாங்கறான். முன்னாடி தெரியுமா இவன?

— இன்னிக்குதான் சார் பாக்கறேன். தெருவுல எவனக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவான்.

— அந்தச் சுவர வந்து பாருங்க சார்.

— வெறும் சுண்ணாம்புச் செவுரு சார் அது. நடுவுல எங்க சாமி மூஞ்சி ஒன்னு கீது.

— போதும். காமிராவக் கழட்டு. ஜீப்புல ஏறுடா.

— ஏறுதேன் சார், அடிக்காண்டாம். ஒரே ஒரு ஆளுகிட்ட மட்டும் கேட்டுருங்க. மஞ்சுளா. இவருக்க மவ. அவ பொய் சொல்ல மாட்டா. அவளக் கூப்பிடுங்க சார், அவ சொன்னாப் போரும்.

— உங்களுக்குப் பொண்ணு இருக்குதா பெரியவரே? கூப்பிடுங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிச்சிடலாம்.

— அவளத்தான் சார் விடிகாலையிலேந்து வூட்ல பம்பை அடிச்சிக் கூப்ட்டுகினு கீறாங்க. போன மாசம் கெணத்துல வுழுந்துட்டா. எறங்கி வந்தான்னா கட்டிக்கறதுக்குதான் சார் இந்தப் புடவ.