தலை குனியும் துப்பாக்கி

போர்க்கால உத்தரவின்படி சாட்சிகளின் பெயரும் ஊரும் எழுதப்படுவதில்லை என்று விசாரணை அதிகாரி தெரிவித்ததால் என்னை என் தொழிலால் சொல்கிறேன். நான் தொலைக்காட்சி நிலையத்தில் செட் சாமான் பொறுப்பாளர். வயது ஐம்பத்திரண்டு. நிலையத்தின் பின்புறச் சந்தில் தையற்கடைக்கு மேல் மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. காவலில் வைக்கப்பட்டிருக்கும் பாலத்துக் காவல் தொண்டர் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சினன். உறவுக்காரன் என்பதால் கூட்டிச் சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததைக் கூட்ட வேண்டிய அவசியம் இதில் இல்லை.

எங்கள் நிலையத்தில் வாரந்தோறும் ஒளிபரப்பாகும் நகைச்சுவைத் தொடருக்கு நான்தான் துப்பாக்கிகள் செய்து கொடுத்தேன். ஒரு காவல் சாவடி, அதில் எதற்கும் உதவாத நாலைந்து சிப்பாய்கள், அதுதான் கதை. போர் தொடங்கியதும் தொடரை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தோம். ஜனங்கள் கொஞ்சமாவது சிரிக்கட்டும் என்று மேலிடத்தில் சொன்னதால் தொடர்ந்து நடந்தது. அதில் முக்கிய ஆள் கொட்டாவி சிப்பாய். அவன் "யாரது, நில்லு" என்று அதட்டிக்கொண்டு விசையை இழுத்ததும் துப்பாக்கியின் குழல் நடுவில் மடிந்து தொங்கிவிடும். அவன் அதைக் குழந்தையின் முகவாயைத் தூக்குவது போலத் தூக்கி, "தூங்காதடா கண்ணு, மானம் போகுது" என்பான். அந்த இடத்தில் சிரிக்காத வீடு கிடையாது. குண்டு விழும் என்று பயந்து ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பார்த்தவர்களும் சிரித்தார்கள்.

நிஜத் துப்பாக்கி ஒன்றுகூட எங்களிடம் இல்லை. பின்வரிசையில் நிற்கும் சிப்பாய்களின் கையில் இருந்தவை பலகையில் அறுத்துக் கறுப்பு அடித்தவை, ஒப்புக்குச் சப்பாணிகள். காமிரா அவற்றின் அருகே போகாது. ஆகவே திருகாணித் தலை வெளியே தெரிந்தாலும் யாரும் கேட்பதில்லை. கொட்டாவி சிப்பாயின் துப்பாக்கி அப்படியல்ல. குழல் மடியும் நேரத்தில் காமிரா அதன் மேலேயே இருக்கும். மடிவது வேடிக்கையாக இருக்க வேண்டுமானால் மடியும் வரை அது அசல் துப்பாக்கியாகவே இருக்க வேண்டும். அதனால் அதற்கு நல்ல தேக்கில் கட்டை செதுக்கி, எண்ணெய் தேய்த்து மெருகேற்றி, இரும்புக் குழாயை நடுவில் அறுத்துக் கீல் வைத்து, சைக்கிள் பிரேக் கம்பியை உள்ளே விட்டு விசையோடு இணைத்தேன். மூட்டு தெரியாதபடி மேலே பட்டை போட்டு மறைத்தேன். ஆக, எங்கள் சாமான் அறையில் பார்வைக்கு மிக நல்ல துப்பாக்கி எதுவோ அதுதான் கேலிக்காகச் செய்தது. வெளியாருக்கு இது தலைகீழாகத் தெரியும். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம்.

அதன் பிறகு, அசல் துப்பாக்கிகள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்ட சமயத்தில், ஊர்க்காவல் தொண்டர் படையின் தலைவர் ஜீப்பில் எங்கள் நிலையத்துக்கு வந்தார். போருக்கு முன் அவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். விசில் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் இருந்தால் துப்பாக்கி இல்லை, துப்பாக்கி இருந்தால் ஆள் இல்லை, கம்பை வைத்துக்கொண்டு நிற்பவனைக் கண்டு நாய்கூட ஒதுங்காது, ஆகவே தூரத்திலிருந்து துப்பாக்கி போலத் தெரிகிற எதையாவது கொடுங்கள் என்று கேட்டார். நிலைய மேலாளர் கொடுக்கச் சொன்னார். தலைவர் சாமான் அறைக்குள் வந்ததும் நேரே போய்க் கையில் எடுத்தது கொட்டாவி சிப்பாயின் துப்பாக்கியைத்தான். தோளில் வைத்துப் பார்த்து, "இதுதான்யா துப்பாக்கி" என்றார்.

நான், "சார், அத மட்டும் விட்டுடுங்க. விசைய இழுத்தா தல தொங்கிடும். டிவில பாத்திருப்பீங்களே" என்றேன்.

அவர் குழலைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "அட, அதுவா இது. வீட்ல புள்ளைங்க இதுக்குன்னே உக்காந்திருக்கும்" என்றார். பிறகு, "சுடவா போறாங்க? தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கப் போறாங்க. பாலத்துக்கு நல்லதா ஒண்ணு வேணும்" என்று சொல்லி அதையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். தொடருக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு இன்னொன்று செய்துகொள்ளச் சொன்னார். அது யார் கைக்குப் போகும் என்று நான் கேட்கவில்லை.

மச்சினனைப் பற்றி அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். வயது இருபத்து நான்கு. பார்வை போதாது என்று ராணுவத்தில் அவனைக் கழித்துவிட்டார்கள். கூட்டாளிகள் எல்லாம் சீருடையில் ரயில் ஏறிப் போன பிறகு அவன் யார் முகத்திலும் விழிக்காமல் எங்கள் வீட்டோடு கிடந்தான். கடைக்குப் போகச் சொன்னால்கூட இருட்டட்டும் என்பான். தொண்டர் படையில் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்த அன்றுதான் வாய்விட்டுப் பேசினான். தன் சட்டையைத் துவைக்க அக்காவிடம் தள்ளிவிடுகிறவன், அந்தச் சீருடையைத் தானே துவைத்துத் தானே இஸ்திரி போட்டான். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சமையலறையில் போய் அழுதாள்.

அதன் பிறகு ஒரு நாள் மாலை நான் வேலை முடிந்து பாலத்தின் வழியே வந்தபோது, இக்கரைச் சாவடியில் அவன் அந்தத் துப்பாக்கியுடன் நிற்பதைக் கண்டேன். அருகே போய், "அத எங்கிட்ட குடுடா. நாளைக்கு வேற ஒண்ணு கொண்டாறேன்" என்றேன்.

"போங்க மாமா. மத்தவனுங்கல்லாம் பலகையத் தூக்கிக்கிட்டு நிக்கறானுங்க. இது ஒண்ணுதான் பாக்க நெசத் துப்பாக்கி. ரெண்டு பெரியவங்க எனக்கு சல்யூட் அடிச்சிட்டுப் போனாங்க" என்றான்.

"அடிக்கட்டும். விசைல மட்டும் விரல வெச்சிடாத. மானம் போயிடும்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே எனக்கும் ஒரு சல்யூட் அடித்தான். மானம்தான் போகும் என்று அன்று நான் நினைத்தேன். அவனிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வர மனம் வரவில்லை.

அதன் பிறகு, அந்த வாரக் கடைசியில், வெளிச்சம் போவதற்கு முன், தார்ப்பாய் மூடிய லாரி ஒன்று பாலத்தைக் கடந்து எண்ணெய்க் கிடங்குக்குப் போய் அங்கே வெடித்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானை அலமாரியிலிருந்து விழுந்தது. எங்கள் நிலையத்து விளக்குக்காரரின் மகள் கிடங்கில் கணக்கராக இருந்தாள். அவளை அடையாளம் காட்ட அவளுடைய செருப்பைத்தான் கொடுத்தார்கள். விளக்குக்காரரும் நானும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். இப்போது நான் உள்ளே வந்தால் அவர் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

மறுநாள் மச்சினனைக் கைது செய்தார்கள். அக்கரைச் சாவடியில் நின்ற தொண்டரின் சாட்சியத்தை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். அதில், லாரி இக்கரையில் நின்றதாகவும், அதிலிருந்தவர்கள் கூடிச் சிரித்த சத்தம் பாலத்தின் மறுமுனை வரை கேட்டதாகவும், என் மச்சினனின் குரலும் அதில் வேடிக்கையாகப் பேசியதாகவும், ஒருவன் அவனைத் தோளில் தட்டிக்கொடுத்து சிகரெட் கொடுத்ததாகவும், ஆகவே தெரிந்த ஆட்கள் என்று எண்ணித் தானும் வண்டியை விட்டுவிட்டதாகவும் இருக்கிறது. அந்தத் தொண்டர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டது அத்தனையும் உண்மை. பாலம் நீளமானது. சிரிப்பு கேட்கும், துப்பாக்கியின் குழல் தெரியாது.

நடந்தது என்ன என்பதை மச்சினன் தன் அக்காவிடம் கம்பிக்கு மறுபுறம் நின்று சொன்னான். நானும் உடன் இருந்தேன். லாரி நிற்காமல் வந்ததால் அவன் குறுக்கே போய் நின்று அதட்டியிருக்கிறான். வண்டி நின்றது. தார்ப்பாயைத் தூக்கிக் காட்டச் சொன்னான். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தவனின் மடியில் துணி போர்த்திய ஏதோ இருந்தது. துணி நழுவியபோது அது துப்பாக்கி என்று தெரிந்தது, அசல். அவன் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. மச்சினன் பதறித் தன் துப்பாக்கியை நீட்டினான், விரல் விசையில் பட்டுவிட்டது, குழல் தொங்கிவிட்டது.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தானாம். பிறகு, "டேய், கொட்டாவி சிப்பாய் துப்பாக்கிடா இது" என்றானாம். பின்னால் தார்ப்பாய்க்குள் இருந்தவர்களும் இறங்கி வந்து பார்த்தார்கள். அவர்களும் எங்கள் தொடரைப் பார்க்கிறவர்கள்தான் போலிருக்கிறது. குழலைத் தூக்கி மாட்டச் சொல்லி, மறுபடி விசையை இழுக்கச் சொன்னார்கள். அந்த வசனத்தையும் சொல்லச் சொன்னார்கள். மடியில் இருந்தது மடியிலேயே இருந்தது. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்களே, அதுதான் நடந்தது. அவன் "தூங்காதடா கண்ணு, மானம் போகுது" என்று சொன்னான். அவர்கள் போதும் என்று சொல்லும் வரை சொன்னான். போகும்போது ஒருவன் அவன் தோளில் தட்டி, "நல்லா பண்ற தம்பி" என்று சொல்லி, காதில் ஒரு சிகரெட்டைச் செருகிவிட்டுப் போனானாம். அவன் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை.

முதல் விசாரணையில் லாரியில் யாரும் சிரிக்கவே இல்லை என்று ஏன் சொன்னான் என்று அதிகாரி கேட்டதற்கு, வெட்கத்தில் சொன்னான் என்று சொல்கிறேன். ராணுவத்தில் கழித்துவிட்ட பிள்ளை, எதிரியின் முன் கோமாளி வேஷம் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வான். அந்தப் பொய்தான் இன்று அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாளை காலை அவனை ராணுவத்திடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்பதும், தெரிந்தே எதிரிக்கு வழி விட்டவனை அங்கே என்ன செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு அவர்களிடம் பலகைத் துப்பாக்கி இருக்காது. என் மனைவி இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பயந்துபோய் இருக்கிறேன்.

குழல் மடியும் துப்பாக்கி என்று ஒன்று இருப்பதை நம்ப முடியவில்லை, சான்றுப் பொருள் அட்டையில் "மரத்தாலான போலித் துப்பாக்கி ஒன்று" என்று மட்டுமே எழுதியிருக்கிறது என்று அதிகாரி சொன்னார். தானும் தன் வீட்டாரும் தொலைக்காட்சி பார்ப்பதில்லை என்றும் சொன்னார். துப்பாக்கியைக் கட்டிய சாக்கை அவிழ்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். பிடித்த நாளிலிருந்து யாரும் அதை அவிழ்க்கவில்லை. அதன் பிறகு அதிகாரியின் அனுமதியுடன் முத்திரை உடைக்கப்பட்டு, துப்பாக்கி என் கையில் கொடுக்கப்பட்டது. குழல் நிமிர்த்தி மாட்டியபடியே இருந்தது. கடைசியில் அதை மாட்டியவன் மச்சினனாகத்தான் இருக்க வேண்டும். நான் அதைச் சுவரை நோக்கி நீட்டி விசையை இழுத்தேன். குழல் மடிந்து தொங்கியது.

வாசலில் நின்ற காவலர் சிரித்துவிட்டார். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டும் அடக்க முடியாமல் சிரித்தார். இதை எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தரும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இருவர் என்ன என்று பார்க்க வந்தார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை இழுத்துக் காட்டும்படி அதிகாரி சொன்னார். இழுத்தேன். அந்த வசனம் என்ன, அதையும் சொல்லுங்கள் என்றார். இங்கே உள்ளவர்களின் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, என் மச்சினன் இவர்கள் கையில் இருக்கிறான், ஆகவே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தம்பிக்குக் கொண்டுவந்த மாற்றுச் சட்டை அவள் கையில் இருந்தது. முகம் மலர்ந்திருந்தது. "விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால், "சிரிக்கற சத்தம் கேட்டுச்சுங்க. அதான் தம்பிய விட்டுட்டாங்கன்னு வந்தேன்" என்றாள். அதிகாரி எழுந்து நின்றார். காவலர் அவளை மெதுவாக வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

இது வாக்குமூலத்துக்குப் புறம்பானது, எழுத வேண்டியதில்லை என்று அதிகாரி சொன்னார். வெளியே இருந்து சிரிப்பைக் கேட்டவர் என்ன நினைப்பார் என்பதுதானே இந்த வழக்கு, எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னேன். அவர் எழுத்தரிடம் எழுதச் சொன்னார்.

எழுதியதை எழுத்தர் வாசித்துக் காட்டக் கேட்டேன். இந்த அறையில் இருந்தவர்கள் சிரித்ததும், என் மனைவி கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லாததும் உட்பட, இதில் உள்ள அனைத்தும் நடந்தபடியே எழுதப்பட்ட உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
செட் சாமான் பொறுப்பாளர், சாட்சி