பூங்காவுக்கு ஒரு பூவாடைக்காரி

செங்கல்பட்டு ஜில்லாவில் கடவுளை உண்டாக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுக்கு பக்தி இருக்கிறது. வேலை சுத்தமாக வராது. டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா.

எழுபத்து நான்கில் முனிசிபல் பூங்காவின் நடுவே சரக்கு ரயில் பாதை போட அளவுக்கல் நட்டார்கள். ஊருக்கென்று இருந்த நிழல் அது ஒன்றுதான். மனு கொடுத்தோம், ஊர்வலம் போனோம். பலனில்லை. மாமல்லபுரம் சிற்பக்கூடத்தில் தும்பிக்கை உடைந்ததென்று ஒதுக்கிய பிள்ளையாரைக் கொண்டுவந்து பூங்கா வேப்பமரத்தடியில் வைத்தேன். மறுநாளே ஜனம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது. அந்தச் செருப்பு வரிசையைக் கேலி செய்து கல்லூரிப் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரைக்கு நல்ல பெயர்.

செங்கம்மாள் மட்டும் சிரித்தாள். பூங்காக் கிணற்றில் இறைத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற, கல்யாணமாகாத பெண்.

“இன்னா அண்ணாத்த, சாமியே இல்லேன்னு சொல்லிகினு, நீயே தூக்கியாந்து வெச்சிகீற?”

“பூங்காவுக்காகத்தான்.”

“அப்ப எனுக்கும் ஒரு செலை வை. நானுந்தான் பூங்காவுக்குப் பாடு பட்றேன்.”

ரயில்வே மேஸ்திரி தனக்கோடி அசரவில்லை. “புள்ளையார்னா இன்னா தம்பி, வண்டில ஏத்திகினு போயி வேற எடத்துல குந்த வெச்சிருவோம். பூவாடைக்காரின்னாத்தான் பேஜாரு. கண்ணாலம் ஆவாம செத்த பொண்ணு, செத்த எடத்த வுட்டு நவுராது. எவனும் அங்க கடப்பாறை போடமாட்டான்.”

அதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

அவள் நின்று இறைக்கிற கிணற்றுப் பலகையில் நான்கு ஆணி. மூன்றைக் கழற்றினேன். நாலாவதை விட்டது அவசரத்தில் அல்ல. பலகையும் கூடவே விழுந்தால் பிடித்துக்கொண்டு மிதப்பாள். நீச்சல் தெரியாது என்பதைப் பேச்சுவாக்கில் கேட்டு வைத்திருந்தேன். கூப்பிட்டாள். அண்ணாத்த என்றுதான். வேப்பமரத்தடியில் இருந்தேன், நன்றாகவே கேட்டது.

ஒரே வாரத்தில் கிணற்றடியில் மஞ்சள் பூசிய செங்கல், புடவை, வளையல். கூலியாட்கள் திரும்பிப் போனார்கள். பாதை ஏரிப்பக்கம் ஒதுங்கியது. செங்கம்மாளுக்கும் கேட்டது கிடைத்தது.

நானாக ஸ்டேஷனுக்கு வந்ததற்கு மனசாட்சி காரணமில்லை, ஐயா. பூங்காவைக் காப்பாற்றியது அவள் சக்தி என்று ஊரே பேசுகிறது. என் உழைப்பும் எங்காவது பதிவாக வேண்டாமா?

இடத்தைக் காட்டச் சொன்னீர்கள். இதுதான் கிணறு. அந்த ஒற்றை ஆணி இன்னும் இருக்கிறது, பாருங்கள். என் செருப்பா? வாசலிலேயே கழற்றிவிட்டேன். நீங்களும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தால் நல்லது, ஐயா.

அவளுக்குப் பிடிக்காது.